ஏறிப் பார்க்க வந்த கூட்டம்

அந்த ஊருக்கு வந்த முதல் மால் அது. அதிலிருந்த நகரும் படிக்கட்டின் கர்வம் சொல்லி மாளாது. அதில் ஏறிப் பார்ப்பதற்கென்றே சுற்றுவட்டாரம் வேன் பிடித்து வந்தது. பளபளப்பைப் பார்த்து மிரண்டு, பலர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கால் வைத்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கை கோத்துக்கொள்ள அது ஒரு சாக்கு. மேலே போய்ச் சேர்ந்ததும் சாதாரணப் படிகளில் இறங்கி ஓடிவந்து, மறுபடியும் ஏறினார்கள்.

"கூட்டத்தைப் பாத்தியா? எல்லாம் எனக்காக!" என்றது படிக்கட்டு.

மேல்மாடி ஜவுளிக்கடை வாசலில் பட்டுப்புடவை கட்டி நின்ற பொம்மை சொன்னது: "பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எல்லார் கையிலயும் செருப்பு இருக்கு. ஒருத்தர் கையிலயும் கடைப் பை இல்லையே!"

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றது படிக்கட்டு.

ஏறி ஏறி ஊருக்கு அலுத்துப்போனது. கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை என்று படிக்கட்டையும் நிறுத்திவிட்டார்கள்.

"உழைச்ச உழைப்புக்கு ஓய்வு குடுத்திருக்காங்க" என்றது அது.

கடைசியில் ஜவுளிக்கடையும் காலியானது. கடைச் சிப்பந்தி பொம்மையின் புடவையை உருவி மடித்துவிட்டு, பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அசையாமல் கிடந்த அந்தப் படிக்கட்டு வழியாகவே இறங்கினார்.

படிக்கட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இத்தனை வருஷமா என்னைக் குறை சொல்லிக்கிட்டே நின்னியே! கடைசியில நீயும் ஆசைப்பட்டு என்மேல ஏறிட்டே, பாத்தியா?"