லண்டன் எனக்கு

சுவருக்கு அந்தப் பக்கம் ஓவென்று ஒரு கூச்சல். ஆயிரம் தொண்டைகள் சேர்ந்த இரைச்சல். அதற்கும் மேலே ஒரு தொண்டை மட்டும் தமிழில் கத்தியது.

"வுடாத! மடக்கு, மடக்கு... அய்ய, போச்சுடா!"

இளவரசி மடவை மீனின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"போச்சா? அப்ப இந்த மீனும் போச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் புருஷன் பொன்னுரங்கம் செல்போனும் கையுமாக உள்ளே வந்தான். தலை குனிந்திருந்தது.

"லண்டன் டீமு தோத்துடுச்சி இளவரசி. அந்தக் கூடையை இப்படித் தள்ளு."

"இன்னாய்யா நெனச்சினு கீற? ஏரியில பாடுபட்டு எடுத்தாந்த கறிமீனு. நம்ம சட்டிக்குனு பங்குல வந்தது. அதைப் பந்தயம் கட்டித் தோக்கறதுக்கு ஒரு ஆட்டம், அதுக்கு ஒரு சீமைக்காரன்!"

"பந்து வெச்ச கபடிமே அது. ரக்பி லீக்குனு பேரு. ஆறு தபா மடக்கிட்டா பந்து எதிராளிக்கு."

"எத்தினி தபா மடக்கினா உனக்குப் புத்தி வரும்? எப்பப் பாரு அந்த லண்டனையே கட்டற. அது எப்பப் பாரு தோக்குது. பக்கத்து வூட்டுல வறுவலு, நம்ம புள்ளைங்களுக்குப் புளித்தண்ணி!"

பக்கத்து வீடு அங்கமுத்துவுடையது. பொன்னுரங்கத்தோடு ஒரே படகில் போகிறவன். பொங்கலுக்கு முன்னால் படகைக் கரையேற்றும்போது சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து பாய்தான். பாயில் கிடப்பவனோடு பந்தயம் கட்டித் தோற்கிறானே இந்த மனுஷன் என்று தெருவே சிரித்தது.

இளவரசி செல்போனைப் பிடுங்கினாள். ஏரியில் வீசிவிடுகிற ஆத்திரம். திரையில் ஆட்டத்தின் படம் அப்படியே நின்றிருந்தது. இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு வராது. எண் வரும்.

"இன்னாய்யா இது, 2024னு போட்டுகீது?"

பொன்னுரங்கம் வாசலைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவா பேசு. பழைய சீசனு. நான் முன்னாடியே பார்த்துட்டு, எவன் தோக்கறான்னு தெரிஞ்சிக்கினுதான் போறேன்."

"தெரிஞ்சேவா தோக்கற டீமைக் கட்டற?"

"முதல் வாரம் மீனு எடுத்துனு போனேன். 'பிச்சையா போடற?'னு திருப்பி அனுப்பிட்டான். அவன் பொண்டாட்டி குணசுந்தரி வெறுங்கையோட நின்னது உனக்குத் தெரியாது. ஜெயிச்ச மீனுன்னா வாங்கிக்கறான். கிரிக்கெட்டு, கபடியெல்லாம் ஊருக்கே தெரியும். இது இங்க யாருக்குத் தெரியும்?"

"லண்டன் ஜெயிச்ச ஆட்டமே இல்லியா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கு. அன்னிக்கெல்லாம் நெட்டு வரலனுடுவேன்."

இளவரசி செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். கூடையை அவளே அவன் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் சாயங்காலம் அன்றைய மீனில் பாதி செதில் சீவிய மடவையும் கத்தியுமாக அவளும் கூடவே கிளம்பினாள்.

"நீ எதுக்குமே?"

"நீ ஒழுங்கா தோக்கறியானு பார்க்கத்தான்."

அங்கமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "வாங்க அண்ணி! அண்ணனுக்குச் சாட்சி சொல்ல வந்தீங்களா? இன்னாண்ணே, இன்னிக்கி நெட்டு வருதா?"

"வருது, வருது. நான் முதல்ல சொல்றேன்..."

"இரு." அங்கமுத்து கையைத் தூக்கினான். "இன்னிக்கி நான் முதல்ல. லண்டன் எனக்கு."

பொன்னுரங்கம் விழித்தான். "டேய், அது வேணாண்டா. ஆடத் தெரியாத பசங்க."

"ஜெயிச்சாலும் தோத்தாலும் அடுத்த வருசம் லண்டனைக் கீழ் வரிசை டீமுங்களோட தள்ளிடுவாங்கன்னு சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னயே பேச்சாம். நீதான சொன்ன? அப்படியும் விழுந்தவன் எழுந்து முட்டறான் பாரு, அது எனக்குப் புடிச்சிருக்கு."

"தோத்துப் போவடா."

"போறேன்."

அங்கமுத்து பக்கத்தில் சாத்தியிருந்த துடுப்பை எட்டிப் பிடித்தான். ஊன்றினான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். தாங்கப்போன பொன்னுரங்கத்தின் கையைத் தள்ளிவிட்டான். நின்றான்.

"நாளைக்கு ஏரியில வலை போடற மொறை நம்ம படகுக்கு. நானும் படகு ஏறறேன். வலை இழுக்க முடியாது, உக்காந்து மீனாவது பிரிக்கறேன். பங்கு வரும். கறிமீனு உங்க வூட்டுக்கு."

"லண்டன் ஜெயிச்சிட்டா?" என்றான் பொன்னுரங்கம், விடாமல்.

அங்கமுத்து சிரித்தான்.

"செல்லுல போட்டிருக்கற வருசம் முதல் நாளே எனக்குத் தெரிஞ்சிதுண்ணே. அப்பவே தோத்தவனுங்க, இன்னிக்கா ஜெயிக்கப் போறானுங்க? ஆட்டத்தைப் போடு."

பொன்னுரங்கம் செல்போனைத் தட்டினான். மறுபடியும் அந்த ஆயிரம் தொண்டைகள்.

இளவரசி அங்கேயே உட்கார்ந்து, பாதியில் விட்ட மடவையை எடுத்துச் செதில் சீவத் தொடங்கினாள்.