வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர்

"உங்க மகள் கணக்குப் பரீட்சையே எழுதலையாமே?"

பிரின்சிபால் விலாசினி டீச்சர் இப்படிக் கேட்டதும் ராஜதாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று அட்மிஷனுக்குக் கடைசி நாள். மகள் சுமியின் சர்டிபிகேட்டுகளை ஒப்படைக்கத்தான் நெய்யாற்றின்கரையிலிருந்த அந்தக் கல்லூரிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ராஜதாஸ் அமரவிளையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். விண்ணப்பத்தில் மூன்று விருப்பங்கள் கேட்டிருந்தார்கள். மூன்றிலும் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றே எழுதினார். சீட் கிடைத்த அன்றே ஜங்ஷனில் மகள் படத்தோடு பிளக்ஸும் வைத்துவிட்டார்.

டீச்சர் ஒரு கடிதத்தை மேஜைமேல் நகர்த்தினார்.

'சுமிக்குக் கணக்கு வராது. பிளஸ் டூ கணக்குப் பரீட்சையை அவளுக்குப் பதிலாக வேறொருத்தி எழுதினாள். தயவுசெய்து சீட் கொடுக்காதீர்கள். இப்படிக்கு, நேர்மையை விரும்பும் ஒருவர்.'

"ஊமக்கத்து! பேரு வைக்காத கடுதாசி!" என்று ராஜதாஸ் துள்ளி எழுந்தார். கவரைத் திருப்பிப் பார்த்தார். களியக்காவிளை தபால் முத்திரை. அவ்வளவுதான், அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த தங்கையனை நோக்கிப் பாய்ந்தார்.

தங்கையனுக்குக் களியக்காவிளையில் பேக்கரி. அவர் மகன் அனூஜின் பெயர்தான் வெயிட்டிங் லிஸ்டில் முதலாவது. யாராவது சேராமல் போனால் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"எலே தங்கையா! இது ஒனக்க வேலையாக்கும்!"

"களியக்காவிளையில நான் ஒருத்தன்தான் இருக்கேனா? நான் எழுதினா அடியில பேரு எழுதி ஒப்பும் போட்டுத்தான் அனுப்புவேன்."

"பின்ன, எனக்க பிள்ளைக்க சீட்டு போனா யாருக்குலே லாபம்?"

தங்கையன் மகனின் சர்டிபிகேட்டுகள் இருந்த பிளாஸ்டிக் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் உட்காருங்க," என்றார் டீச்சர். "இந்தக் கோர்ஸுக்குக் கணக்கில் ஐம்பது சதவீதம் வேணும். சுமிக்கு இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மார்க் லிஸ்ட் அசல்தான், வெப்சைட்டில் பார்த்தாச்சு. ஆனா பரீட்சை ஹாலில் உட்கார்ந்தது யாருன்னு வெப்சைட் சொல்லாது. சுமி, நீ என்ன சொல்ற?"

சுமி தரையைப் பார்த்தாள்.

"சீட்ட அனூஜுக்கே குடுத்திருங்க டீச்சர். நான் வேற எதாவது படிச்சுக்கிடுதேன்."

ராஜதாஸ் வாயைப் பிளந்தார். தங்கையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சரின் முகம் கடுகடுத்தது.

"அப்போ விஷயம் உண்மையா? சீட் போறதோட இது தீராது மோளே. ஆள்மாறாட்டம். போலீசுக்கு எழுதிக் கொடுக்கணும். உன்னை மட்டுமில்ல, ஏற்பாடு பண்ணின உன் அப்பாவையும் சேர்த்து!"

டீச்சர் போனைக் கையில் எடுத்தார்.

"அப்பாவையா?" சுமியின் முகம் வெளுத்துப்போனது.

ராஜதாஸ் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். மின்விசிறிக்குக் கீழேயே சட்டை நனைந்துவிட்டது. "கர்த்தர் சாட்சியா சொல்லு மக்கா. அந்தப் பரீட்சைய நீ எழுதல்லியா?"

சுமி அவரைப் பார்த்தாள். பிறகு சட்டென்று மேஜையருகே போனாள்.

"டீச்சர், போன வையுங்க. கணக்கு தாங்க. இங்கயே போட்டுக் காட்டுதேன்."

விலாசினி டீச்சர் இருபத்தாறு வருடம் கணக்கு நடத்தியவர். யோசித்து மூன்று கணக்குகள் எழுதினார். மூன்றாவதை அவர் வகுப்பில் யாரும் தப்பில்லாமல் போட்டதே கிடையாது. அரை மணி நேரம் கொடுத்தார்.

சுமிக்குப் பதினோரு நிமிடம் போதுமாயிருந்தது. மூன்றாவதை இரண்டு விதமாகப் போட்டிருந்தாள். டீச்சர் சிவப்புப் பேனாவோடு வரி வரியாக இறங்கிவந்தார். ஓரிடத்திலும் பேனா காகிதத்தைத் தொடவில்லை.

"இவளுக்குப் பதிலா பரீட்சை எழுத ஒருத்தியைத் தேடணும்னா எங்கே போய்த் தேடுவாங்க?" என்று சிரித்தார். கடிதத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அட்மிஷன் பதிவேட்டில் சுமியின் பெயரை எழுதி அடியில் கோடும் இழுத்தார். "இனி நாலு வருஷத்துக்கு ஒருத்தராலயும் உன்னை இங்கேயிருந்து அசைக்க முடியாது."

சுமி விம்மி அழத் தொடங்கினாள்.

"பிள்ள சந்தோஷத்துல கரையுதா டீச்சரே," என்ற ராஜதாஸின் கண்களும் நிறைந்திருந்தன.

தங்கையன் பையோடு எழுந்தார். போகும்போது சுமியின் தலையைத் தொட்டு, "நல்லா படி மக்கா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அப்படியும் ராஜதாஸின் கோபம் அடங்கவில்லை. வராந்தாவரை ஓடிவந்து, மொத்தக் கல்லூரிக்கும் கேட்கும்படி கத்தினார்: "அந்தக் கத்து எழுதினவனுக்க கைய ஒடிக்காம விடமாட்டேன், பாத்துக்கோ!"

ஹிஸ்டரி படிக்கிற ஆசையில் மூன்று நாள் பழகி அந்தக் கடிதத்தை எழுதிய தன் இடது கையை, சுமி மெல்ல ஷாலுக்குள் இழுத்துக்கொண்டாள்.