அப்பாவின் குடை

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அதே தேயிலைத் தோட்டத்துக்குத் துரையாக வந்த முதல் ஆள் ஜெகதீசன். அவன் பொறுப்பேற்ற அன்று நல்ல மழை. மலைப்பாதையில் அவன் ஏறி வருவதைக் கண்டதும், எதிரே இறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குடைகளை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நனைந்தார்கள். கப்பலில் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட அவர்களுடைய பாட்டன்மாரை வெள்ளைக்காரத் துரைகள் அப்படித்தான் நிற்க வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் அவனுடைய அப்பா காத்தமுத்துவும் மடக்கிய குடையோடு நின்றிருந்தார்.

“அப்பா, குடையை விரிங்கப்பா.”

“நீங்க போங்க தொரை. எல்லாரும் பாக்குறாங்க.”

ஜெகதீசன் தன் குடையையும் மடக்கினான். அவர் பதறிப்போனார்.

“ஐயோ, நீங்க நனையாதீங்க.”

“ராவைக்கு லயத்துக்குச் சாப்பிட வரட்டுமாப்பா?”

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். “தொரைமாரு லயத்துக்கு வாறதில்லைங்க.”

அவன் பங்களாவை நோக்கி நடந்தான். வளைவில் நின்று திரும்பிப் பார்த்தபோது கீழே குடைகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. எல்லாமே கறுப்புக் குடைகள். அப்பா எதன் கீழே போகிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை.