நீலப் பாவாடை

"அந்தப் பொம்பளையை அழிய்யா!"

அறுத்த கோதுமைத் தாளை மிதித்துக்கொண்டு வந்த நிலத்துக்காரன் ஒனேசிம் போட்ட கத்தலில் ஆர்மான் கையிலிருந்த தூரிகை நழுவியது.

"எந்தப் பொம்பளையை?"

"படத்துல இருக்காளே, கதிர்க்கட்டுகளுக்கு நடுவுல குனிஞ்சுகிட்டு. அவளைத்தான்."

ஆர்மானுக்குச் சிரிப்பு வந்தது. பாரிஸிலிருந்து வந்த நாளாக இந்த ஊர் அவன் படத்தைக் கேலி செய்துகொண்டிருந்தது. மூக்கு எங்கே, முழி எங்கே, வைக்கோல் நிழலை எவனாவது ஊதாவில் போடுவானா என்று.

"வெறும் மூணு நீலக் கோடு. அது பொம்பளைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"செலஸ்தின் பாவாடையை இந்த ஊர் நாய்கூட அடையாளம் சொல்லும். புருஷன் செத்ததிலேர்ந்து அது ஒண்ணைத்தானே கட்டறா. அழி."

"முடியாது. நேத்து ஒயின் கடையிலேயே சொன்னேன். கண்ணால கண்டதைத்தான் வரைவேன். இல்லாததைச் சேர்க்கமாட்டேன், இருக்கறதை மறைக்கமாட்டேன்."

"சொன்னே, சொன்னே. படத்தைத் தூக்கிப் பிடிச்சு ஊருக்கே காட்டினே."

ஆர்மானுக்குச் சுருக்கென்றது. "ஒரு விதவை நாலு கதிர் பொறுக்கினா உங்க களஞ்சியம் காலியாயிடுமா? ஏழை நின்னா உங்க நிலத்துக்கு அசிங்கமா? பாரிஸ்ல எல்லாரும் பார்க்கட்டும்!"

இன்னும் அடர்த்தியாக நீலத்தை எடுத்து அதே இடத்தில் பூசினான்.

ஒனேசிம் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சட்டென்று கட்டைவிரலை அந்த ஈரத்தில் வைத்து அழுத்தி இழுத்தான். செலஸ்தின் கோதுமை மஞ்சளில் கரைந்துபோனாள்.

"மிருகமே!" ஆர்மான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"என்னய்யா சத்தம்?"

பாப்லர் மரங்களைத் தாண்டி வயல் காவலர் வந்துகொண்டிருந்தார். ஆர்மான் பிடியை விட்டான்.

"பெயிண்டர் படத்துல எவளோ கதிர் பொறுக்கறாளாமே? ஒயின் கடையில பேசிக்கிட்டாங்க. கட்டெல்லாம் வண்டி ஏறின பிறகுதான் பொறுக்கணும். அதுக்கு முன்னாடின்னா திருட்டு. நிலத்துக்காரரே பரவாயில்லைன்னாலும் ஜெயில்தான். யார் அவ?"

"என் வயல்ல ஒருத்தியும் வரலை," என்றான் ஒனேசிம். "சந்தேகம்னா படத்தைப் பாருங்க. ஐயாதான் கண்டதைத் தவிர வேற எதுவும் வரையமாட்டாரே!"

அவன் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீலமான கட்டைவிரலைக் கால்சட்டையில் அவசர அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்மான் அதைப் பார்த்தான்.

காவலர் படத்தருகே குனிந்தார். "இந்த இடம் மட்டும் ஏன் இப்படிக் கலங்கியிருக்கு?"

ஆர்மான் படத்தருகே வந்து நின்றான்.

"காத்து. கோதுமைத் தாள்ல காத்தடிக்குது. கண்டதைத்தான் வரைஞ்சேன்."

காவலர் நிமிர்ந்து பாப்லர் மரங்களைப் பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை.

"ஆமா, பலமான காத்துதான்," என்று தொப்பியை இறுக்கப் பிடித்துக்கொண்டு நடந்தார்.