அவித்த டேலியா

மணலில் புதைத்து வைத்திருந்த டேலியாப் பூச்செடியின் கிழங்குகளைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து மார்சலின் அவித்துவிட்டாள். கல்யாணமாகி அவள் இந்த மலைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. முதல் வாயிலேயே அவள் கணவர் இன்னாசிக்குத் தெரிந்துவிட்டது. செத்துப்போன முதல் மனைவி எமல்டா நட்ட அடர்சிவப்பு டேலியா. விதை போட்டால் வேறு நிறம் வந்துவிடும், கிழங்கிலிருந்துதான் அதே பூ திரும்ப வரும் என்பதால், வருடாவருடம் பூத்து ஓய்ந்ததும் தோண்டியெடுத்து, முளைக்கண் உடையாமல் மணலில் வைப்பார்.

“இனிப்பே இல்லீங்களே, கெட்டுப்போன கிழங்கா?” என்று கேட்டாள் மார்சலின்.

கத்தத்தான் வாயைத் திறந்தார். வாய் மென்றுகொண்டிருந்தது. அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. பசித்தது. எமல்டா போனபிறகு இப்படிப் பசித்ததே இல்லை.

“எல்லாத்தையும் அவிச்சிட்டியா?”

“ஒண்ணு மட்டும் இருக்குங்க. முளை விட்டிருந்துச்சு, அதான் போடல.”

இன்னாசி தட்டிலிருந்த கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார்.

“அதையும் போடு.”

சொன்னது தான்தானா என்று அவருக்கே விளங்கவில்லை. கை மட்டும் தட்டை நீட்டிக்கொண்டிருந்தது.