வெள்ளையை மட்டும்

"வெள்ளையை மட்டும்தாம்மா தேடிப் பிடிச்சுக் கொல்லும். மத்ததைத் தொடவே தொடாது!"

பக்கத்து வீட்டு அனுப்ரியாவின் குரல். கோலிங் கார்ட் போட்டுச் சென்னையில் இருக்கிற அம்மாவோடு பேசும்போது அந்தப் பெண் கத்துகிற கத்தல், கோட்-டெ-நெய்ஜ் பகுதி அப்பார்ட்மென்டின் அட்டைச் சுவரைத் தாண்டி யோசெப்பின் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடும்.

"எலிக்கெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. ஒரு வெள்ளை மிச்சமில்ல! அடுத்தது மனுஷங்களுக்குத்தான். ஆமாம்மா, விஷம்தான்!"

யோசெப் கையில் எடுத்த புட்டு வாய்க்குப் போகவில்லை.

"அக்னெஸ், கேட்டனீரே? பிள்ளை யூனிவர்சிட்டியில படிக்குது எண்டெல்லோ நினைச்சம். வெள்ளைக்காரரைக் கொல்ல விஷமெல்லோ காய்ச்சுது!"

"எனக்கென்ன காது செவிடே?" என்றாள் மனைவி.

யோசெப் டெலிபோனை எடுத்தார். போலீஸ் நம்பரை அமத்தப் போனவரின் கையை அக்னெஸ் எட்டிப் பிடித்தாள்.

"விசர் வேலை பாக்காதேங்கோ. குமர்ப்பிள்ளை, அதுவும் தமிழ்ப் பிள்ளை. பிடிச்சுக்கொண்டு போனால் படிப்பும் போச்சு, விசாவும் போச்சு. பேந்து தாய்க்காரி என்ன செய்வா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. யோசெப் போனை வைத்துவிட்டார்.

வைத்தாரே தவிர, மனசு கேட்டால்தானே! மறுநாள் பேக்கரியில் முதலாளி லூக் வழக்கம்போல "போன்ஜூர், ஜோசெப்!" என்று முதுகில் தட்டினார். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாமல் வந்து நின்றவருக்கு வேலை கொடுத்த மனுஷன். வெள்ளையென்றால் அப்படியொரு வெள்ளை. யோசெப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, நீங்கள் கொஞ்ச நாளைக்கு ஃப்ளோரிடா பக்கம் போங்கோவன். வெயிலில கிடந்து நல்லாக் கறுத்துப்போய் வாங்கோ."

லூக் முகத்தைத் தடவிப் பார்த்தார். "ஏன், நான் அவ்வளவு களைத்துப்போயா இருக்கிறேன்?"

மத்தியானம் வீடு திரும்பினால் அக்னெஸ் வாசலிலேயே நிற்கிறாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இஞ்சாருங்கோ, இதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கேலாது. பெரிய பாவம். வாங்கோ, இப்பவே போய்க் கேப்பம்."

யோசெப்புக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் என்றால் சும்மாவா! முன்பின் தெரியாத சனத்துக்காக இப்படிப் பதறுகிற மனுசி யாருக்குக் கிடைப்பாள்?

அனுப்ரியா கதவைத் திறந்ததுதான் தாமதம், அக்னெஸ் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பிள்ளை, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்த விஷத்தை வெளியில விட்டிடாதை. வெள்ளையளைக் கொல்லாதை!"

அனுப்ரியா முதலில் முழித்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ ஆன்ட்டி! வெள்ளைக்காரங்க இல்ல, வெள்ளை அணு! ரத்தத்துல இருக்குமே, அது!"

பல் ஈறைக் கெடுக்கிற ஒரு பாக்டீரியா இருக்கிறதாம். அதைப் பிடிக்க உடம்பு அனுப்புகிற வெள்ளை அணுக்களை, அது விஷம் கக்கி ஓட்டை போட்டே கொன்றுவிடுமாம்.

"லுகேமியாங்கிற ரத்தப் புற்றுநோய்ல அந்த வெள்ளை அணுதான் கெட்டுப்போய்க் கண்டபடி பெருகும். அதுங்க மேல இந்த விஷத்தை ஏவிவிட்டா? அதான் எங்க ஆராய்ச்சி. மனுஷங்களுக்கு மருந்தா வர்றதுக்கு வருஷக்கணக்காகும். அம்மாகிட்ட கொஞ்சம் அளந்துவிட்டேன்."

யோசெப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லூக் தப்பினார்!

அனுப்ரியாவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"அது சரி அங்கிள், இத்தனை பேரைக் கொல்லப்போறேன்னு நினைச்சிருக்கீங்க. நேத்தே வந்து கேட்டிருக்கலாமே? போலீசுக்காவது சொல்லியிருக்கலாமே?"

"என்னைக் கேக்காதை பிள்ளை. இவதான் மனசு பொறுக்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு வந்தவ" என்று யோசெப் மனைவியைப் பெருமையோடு பார்த்தார்.

அக்னெஸ் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நேற்று வெள்ளைக்காரருக்குத்தானே எண்டு பேசாமல் இருந்திட்டன் பிள்ளை. இண்டைக்குக் கண்ணாடியில முகம் பாக்கேக்கைதான் நெஞ்சு திக்கெண்டது. ஊரில என்னை எல்லாரும் 'வெள்ளை அக்னெஸ்' எண்டெல்லோ கூப்பிடுறவை!"