நாற்பத்து மூன்றும் பச்சை

கணவனும் கொழுந்தனும் ஒட்டிக்கொண்டு வருவதைத் திரையில் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதமாக முகத்தில் முழிக்காத அண்ணன் தம்பி. நேற்றுதான் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சோறு போட்டு, இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டிச் சமாதானம் செய்து வைத்திருந்தாள்.

துறைமுகக் கண்காணிப்பு அறையில் அவளுக்கு வேலை. கடலுக்குப் போகும் நாற்பத்து மூன்று சின்னப் படகுகளிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷின் உண்டு. படகு எங்கே இருக்கிறது என்று அது இங்கே புள்ளியாகக் காட்டும்; இவள் இங்கிருந்து அனுப்பும் காற்று, மழைச் செய்திக்கு அது அங்கே பீப் அடிக்கும். செய்தி கிடைத்தால் பச்சைப் பட்டன், உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு. அந்தப் படகுகளில் வயர்லெஸ் கிடையாது, நடுக்கடலில் போனும் எடுக்காது. கரைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரே கயிறு இந்த மெஷின்தான்.

வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று, புள்ளிகளைப் போனிலும் பார்க்க வசதி செய்து கொடுத்திருந்தார்கள். நிம்மதி அடைந்தவர்கள் மற்ற படகுக்காரர்கள்தான். அவள் கணவனுக்கு மோப்பக்காரன் என்றே பட்டப்பெயர். மீன் எங்கே கிடக்கிறது என்று அவனுக்கு மட்டும் எப்படியோ தெரியும். அவன் புள்ளி எங்கே நிற்கிறதோ, அரை மணியில் அங்கே பத்துப் படகு வந்து நிற்கும்.

அதனாலேயே மெஷினைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ஆனால் இன்று காலை விசிலடித்துக்கொண்டே கிளம்பினான். இனிமேல் எவனும் தன் பின்னால் வரமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனான். தம்பி பக்கத்தில் இருக்கிற தெம்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் காற்று திசை மாறியிருந்தது. உடனே கரைக்குத் திரும்பும்படி எல்லாப் படகுக்கும் செய்தி அனுப்பினாள். மூன்று தடவை அனுப்பினாலும் பச்சை அமுக்காத மனுஷன், இன்று முதலாவது பீப்புக்கே அமுக்கிவிட்டான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் தன் பேச்சை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள்.

பக்கத்து சீட்டுக்காரர் ஒரு காலத்தில் படகு ஓட்டியவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்த அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே நூல் நுழைய இடமில்லை.

"இந்தக் காத்துல ரெண்டு படகு இவ்ளோ ஒட்டி வந்தா பலகை பேந்துடுமேம்மா."

"கூடப் பிறந்தவங்க சார், உரசிக்கிட்டுத்தான் வருவாங்க."

அவரும் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வெளியே சுற்றிக்கொண்டிருந்த மீட்புப் படகின் கேப்டன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். தெற்கே வெகு தூரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது, படகா மரக்கட்டையா என்று சொல்ல முடியவில்லை என்றார். யாராவது சிவப்பு அமுக்கியிருக்கிறார்களா என்று கேட்டார்.

ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக எண்ணிப் பார்த்தாள். நாற்பத்து மூன்றும் பச்சை. நாற்பத்தொரு படகு கரையில் கட்டியாகிவிட்டது. மிச்சம் இரண்டும் துறைமுக வாசலில் நுழைந்துகொண்டிருந்தன.

"எதுக்கும் போய்ப் பாத்துட்டு வரட்டுமாம்மா? ஒரு மணி நேரம் ஆகும்."

மீட்புப் படகில் ஆறு பேர். அவர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தெற்கே நம்ம ஆளு யாருமே இல்ல சார். நீங்க திரும்பி வந்துடுங்க."

கேப்டன் நன்றி சொன்னார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி அவளையும் தொற்றிக்கொண்டது. மகளுக்குப் போன் போட்டு, அப்பாவும் சித்தப்பாவும் வந்தாச்சு, வெந்நீர் போட்டு வை என்று சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் மீட்புப் படகும் வந்து ஜன்னலுக்கு நேர் கீழே கட்டியது. அதற்குப் பின்னாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு கொழுந்தன் வந்தான், சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். தலை துவட்டத் துண்டை நீட்டினாள். அண்ணன் எங்கே, படகைக் கட்டிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டாள்.

அவன் ஜன்னல் வழியே மீட்புப் படகைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினான். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் வைத்தான். பைக்குள் இரண்டு மெஷின்கள். ஒன்று அவனுடையது. இன்னொன்றின் மேல் அவள் கையாலேயே எழுதி ஒட்டிய எண் இருந்தது, அவள் கணவன் படகின் எண்.

செய்தி வந்ததும் இரண்டு பச்சையையும் தானே அமுக்கிவிட்டதாகச் சொன்னான். அண்ணி வீணாகப் பயந்துவிடக் கூடாது பாருங்கள் என்றான்.

"ஊரே ஏமாந்து என் பின்னாடி வடக்கே வந்துச்சு அண்ணி," என்று சிரித்தான். "தெற்கே போன அண்ணனை ரெஸ்க்யூ போட் ஏத்திக்கிட்டு வந்துடுச்சுல்ல?"